மூட்டைக்குள் கட்டிய குரல்

அன்புள்ள அப்பு,

போன வாரம் போனை வைக்கும்போது ஒன்று சொன்னாய். "ம்மா, இனிமே அந்தப் பெட்டிய யாரும் தொட வேணாம். அது பாட்டுக்கு இருக்கட்டும். தைக்கு வரும்போது நான் வந்து பாத்துக்கிறேன்." நான் சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. போனில் உன்னோடு சண்டை போட எனக்கு வராது. அங்கே கனடாவில் வேலை முடிந்து சாப்பிடாமல் உட்கார்ந்திருக்கிறானே என்ற நினைப்பு வந்து வாயைக் கட்டிவிடும். எழுத்தில் எனக்குத் தைரியம் அதிகம், அதனால் எழுதுகிறேன். பெட்டியைத் தொடத்தான் போகிறேன். தினமும் தொடப் போகிறேன். ஏன் என்று சொல்ல வேண்டுமானால் கொஞ்சம் வளைந்து வளைந்துதான் வர வேண்டியிருக்கும். போடிமெட்டு ரோட்டில் வளர்ந்தவன் நீ, பொறுத்துக்கொள்வாய். இதை நீ கட்டிக்கொள்ளப் போகிற பெண்ணும் படிக்கட்டும் என்று நினைக்கிறேன். ஆகவே உனக்குத் தெரிந்த கதையையும் விடாமல் எழுதுகிறேன்.

உன் அப்பாவுக்குத் தொண்டையில் கட்டி என்று தெரிந்து, குரல்வளையையே எடுத்தால்தான் ஆள் பிழைப்பார் என்று மதுரையில் சொன்னபோது, நீ லீவு போட்டு ஓடி வந்தாய். அழுவாய் என்று நினைத்தேன். நீயோ வந்ததும் வராததுமாகப் போனை அவர் முன்னால் நிறுத்தி, "அப்பா, ஏதாவது பேசுங்க, ரெக்கார்டு பண்றேன்" என்றாய். மலையில் ஆடிக் காற்றையே மிஞ்சிக் கத்திக்கொண்டு ஜீப்பு ஓட்டிய மனுசன் அன்றைக்குத்தான் வாயடைத்துப் போனார். "என்னத்தடா பேசச் சொல்ற? எலெக்சனுக்கா நிக்கப் போறேன்?" என்றார். அப்புறம் நீதான் ஒரு வழி கண்டுபிடித்தாய். "போன்ல எங்கிட்ட எப்பவும் பேசுவீங்கள்ல, அப்பிடியே பேசுங்கப்பா." அவர் நிஜமாகவே போனைக் காதில் வைத்துக்கொண்டு, எதிர்முனையில் நீ இருப்பதாக நினைத்து, கேள்வி கேட்டு, பதிலுக்கு நிறுத்தி, தலையாட்டி, பேச ஆரம்பித்தார். நீ எதிரிலேயே உட்கார்ந்திருந்தாய். நான் அடுப்படியில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். சிரிப்பு எந்த இடத்தில் அழுகையாக மாறியது என்று எனக்கே தெரியவில்லை.

ஆஸ்பத்திரியில் சேர்கிற நாள் வரைக்கும் பேசினார். விடியற்காலையில் ஆள் ஏற்றப் போகும்போது ஏலத்தோட்டத்துப் பெண்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற மாதிரி பேசினார். வளைவில் வழிவிடாத கேரளா லாரிக்காரனைப் பாதி தமிழிலும் பாதி மலையாளத்திலும் திட்டுகிற மாதிரி பேசினார். என்னைக் கூப்பிடுகிற "இந்தா!"வைக்கூடப் பதிவு செய்துகொண்டாய். நீ ஊருக்குக் கிளம்புவதற்கு முன்னால் அந்தக் கறுப்புப் பெட்டியை வாங்கி வந்து, டிவிக்குப் பக்கத்து அலமாரியில், என் ஏலக்காய் சல்லடைகளுக்கு நடுவில் வைத்தாய். "இதுக்குள்ள ரெண்டு டிஸ்க் இருக்கும்மா. ஒண்ணுல இருக்கிறதே இன்னொண்ணுலயும் இருக்கும். ஒண்ணு போனாலும் இன்னொண்ணு காப்பாத்தும்" என்றாய். அப்பா பேசியது, நம் வீட்டுப் படங்கள், நீ சின்னப் பிள்ளையாக ஓடியது எல்லாம் அதற்குள் போயிற்று. என் போனிலேயே கேட்கலாம் என்று திரையில் ஒரு சின்னப் பொத்தானை அமுக்கிக் காட்டினாய். நான் தலையாட்டினேன். அதற்கப்புறம் அவர் பேச்சைக் கேட்க நான் ஒருநாளும் அதை அமுக்கவில்லை. நீயும் அமுக்கவில்லை என்று இப்போதுதான் சொன்னாய்.

ஆபரேஷன் முடிந்து வந்தவருக்குத் தொண்டையில் வைத்துப் பேசுகிற மிஷின் ஒன்று கொடுத்தார்கள். முதல் தடவை அதை வைத்து என்னைக் கூப்பிட்டார். பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. அவர் அதைக் கழற்றி அலமாரியில் வைத்ததுதான், இன்றுவரை எடுக்கவில்லை. பஸ் ஸ்டாண்டுக்குப் போய், பிள்ளைகள் சைக்கிளில் மாட்டுகிற ரப்பர் ஹாரன் ஒன்றை வாங்கி வந்தார். ஒரு அமுக்கு என்றால் "ஆமாம்" அல்லது "இங்கே வா". இரண்டு அமுக்கு என்றால் "வேண்டாம்". இத்தனை வருசக் குடித்தனத்தில் எனக்கும் அவருக்கும் இதற்கு மேல் பேச வேண்டியது பெரிதாக இருக்கவில்லை என்று கேலிக்குச் சொல்வேன். மனசுக்குள் வேறு இருந்தது. அந்தப் பெட்டியைப் பார்க்கும்போதெல்லாம், அவர் குரல் பத்திரமாக இருக்கிறது, இருக்கட்டும் என்று நினைத்துக்கொள்வேன்.

இந்த ஆடியில் காற்று வழக்கத்தைவிட மோசம். மலையிலிருந்து இறங்குகிற காற்று புழுதியையும் சாரலையும் சேர்த்து வாரிக்கொண்டு வந்து ஜன்னலில் அடித்தது. அலமாரி முழுக்க மண். பெட்டியின் ஓட்டைகளிலும் மண். நான் ஏலக்காய்க்காரி. ஸ்டோரில், அந்தச் சூட்டு அறையில், உலர்த்தி எடுத்த காயை எப்படிக் காப்பாற்றுவோம்? ஈரமும் வெளிச்சமும் படாமல் கறுப்புப் பாலித்தீனில் போட்டு, வாயை முறுக்கிக் கட்டி, மேலே சாக்கு போட்டு இன்னொரு கட்டுக் கட்டுவோம். பச்சை நிறம் அப்படியே நிற்கும். எனக்குத் தெரிந்த பாதுகாப்பு அதுதான். அதையே செய்தேன். ஒயர் போகிற அளவுக்கு மட்டும் இடம் விட்டு, பெட்டியைப் பாலித்தீனுக்குள் இறக்கி, முறுக்கி, சணலால் இழுத்துக் கட்டி, மேலே ஒரு சாக்கையும் போர்த்தினேன். உள்ளே அது ஓடிக்கொண்டேதான் இருந்தது. கட்டி முடித்துவிட்டு உன் அப்பாவைப் பார்த்தேன். அவரும் நல்ல வேலை என்று ஒரு அமுக்கு அமுக்கினார். ஆகவே இந்தப் பாவத்தில் அவருக்கும் பங்கு உண்டு.

கல்யாணத்துக்கு வைக்கிற பேனருக்கு உன் சின்ன வயசுப் படம் ஒன்று தேடலாம் என்று என் போனில் நீ காட்டிய அந்தப் பொத்தானை அமுக்கினால் ஒன்றுமே வரவில்லை. சாக்கைப் பிரித்தேன். பெட்டி ஸ்டோரிலிருந்து அப்போதுதான் எடுத்த காய் மாதிரி கொதித்தது. அணைத்துப் போட்டேன், ஆறவிட்டு மறுபடி போட்டேன். விளக்கு எரிந்தது, வேறொன்றும் நடக்கவில்லை. உனக்குப் போன் செய்தேன். "மூட்டைக்குள்ளயா? ஓடிக்கிட்டிருக்கும்போதா?" என்று மட்டும் மெதுவாகக் கேட்டாய். நீ கத்தியிருந்தால் எனக்கு அவ்வளவு பயம் வந்திருக்காது. உன் அப்பா கட்டிலில் உட்கார்ந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கையில் ஹாரன் இருந்தது, அமுக்கவில்லை. திரும்ப வராது என்று தெரிந்துதானே அந்தக் குரலைப் பிடித்து வைத்தோம், அதையும் நானே அவித்துவிட்டேனா என்று பெட்டியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன்.

கடைவீதியில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிற தம்பியிடம் இரண்டு பேருமாகத் தூக்கிக்கொண்டு போனோம். நல்ல பிள்ளை, ஒளிக்காமல் சொன்னான். "பார்மேட் பண்ணிப் புதுசு மாதிரி ஓட வச்சுத் தர்றேங்க்கா. ஆனா உள்ள இருக்கிறதுக்கு நான் பொறுப்பில்ல." அவன் சொல்லி முடிக்கவில்லை, உன் அப்பா இரண்டு அமுக்கு அமுக்கினார். கடையில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் திரும்பி வந்தோம். அன்றைக்குச் சாயங்காலம் நீதான் கூப்பிட்டாய். உன் குரல் தெளிந்திருந்தது. "ம்மா, நான் யோசிச்சுப் பாத்தேன். பெட்டி எந்திரிக்கிறதுக்கு மட்டும் தனியா ஒரு சின்ன டிரைவ் வச்சிருக்கேன். வெந்தது அதுவாத்தான் இருக்கும். அப்பா பேசுனது அதுல இல்ல, பெரிய டிஸ்க்குல இருக்கு." எனக்கு விளங்கவில்லை. நீ அப்பாவிடம் போனைக் கொடுக்கச் சொன்னாய். "அப்பா, செல்ப் மோட்டார் போயிருச்சு. அம்புட்டுத்தான். லோடு அப்பிடியே இருக்கு."

அவர் கண் அகலமானது. உனக்கு நினைவிருக்கிறதா என்று நான் கேட்கப் போவதில்லை, நினைவிருந்ததால்தானே சொன்னாய். நீ பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது, ஒரு லீவு நாளில், நாம் மூன்று பேரும் ஜீப்பில் மேலே போனோம். அரிசி மூட்டையும் உர மூட்டையும் பின்னால். ஏற்றத்தில் ஒரு வளைவில் வண்டி நின்றுவிட்டது. வண்டியைக் கிளப்புகிற செல்ப் மோட்டார் எடுக்கவில்லை. நீ "வண்டி போச்சு, எல்லாம் உருண்டுரும்" என்று அழ ஆரம்பித்தாய். உன் அப்பா பிரேக்கிலிருந்து காலை எடுக்காமலே கத்தினார்: "வண்டி ஸ்டார்ட் ஆகலேன்னா லோடு என்னடா பண்ணும்? அது பாட்டுக்கு இருக்கும். மொதல்ல எறங்கி வீலுக்குப் பின்னாடி கல்ல வையி!" நீ ஓடிப்போய் தேங்காய் அளவுக்கு ஒரு கல்லைக் கொண்டுவந்தாய். "ஏலே, சட்டினி அரைக்கவா போறோம்? பெருசாக் கொண்டாடா!" என்றார். நானும் நீயும் சேர்ந்து உருட்டிக்கொண்டு வந்த கல்லை வைத்த பிறகுதான் அவர் காலை எடுத்தார். அதற்கப்புறம் மூட்டைகளை ஒவ்வொன்றாக இறக்கி, வண்டியைப் பின்பக்கமாக இறக்கத்தில் விட்டு ரிவர்ஸ் கியரில் ஸ்டார்ட் செய்து, மறுபடி ஏற்றிக்கொண்டு போனோம். அன்றைக்குத் தோட்டத்துக்குப் போய்ச் சேர மத்தியானம் ஆயிற்று.

நீ அனுப்பிய புது டிரைவ் கூரியரில் வந்தது, விரல் நீளம்தான். கடைத்தம்பி நீ அனுப்பிய லிங்க்கைப் பார்த்து, பெட்டியை எழுப்புகிற புரோகிராமைப் பென்டிரைவில் ஏற்றிக் கொடுத்தான், கீபோர்டும் இரவல் கொடுத்தான். ஞாயிற்றுக்கிழமை காலையில், உனக்கு அங்கே சனிக்கிழமை ராத்திரி, நாம் ஆரம்பித்தோம். நான் சீரியல் பார்க்கிற டிவிதான் ஸ்கிரீன். அப்பாவின் போனில் நீ, எழுத்துக் கூட்டி வாசிக்க நான், திருப்புளி பிடிக்க அவர். எடுத்தவுடன் நீ கேட்டாய்: "அப்பா, கல்லு வச்சாச்சா?" அவருக்குப் புரிந்துவிட்டது, எனக்குப் புரியவில்லை. "புதுசா ஏத்தும்போது எந்த டிஸ்க்க அழிக்கட்டும்னு கேக்கும்மா. தப்பா ஒண்ண அமுக்குனா அப்பா பேசுனதெல்லாம் போயிரும். அதனால மொதல்ல அந்த ரெண்டு டிஸ்க்கையும் கழட்டி வெளிய வச்சிருங்க. இல்லாத டிஸ்க்க எப்பிடி அழிக்கும்?" உன் அப்பா இரண்டையும் கழற்றித் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டார். தூங்குகிற பிள்ளையை வைத்துக்கொண்டிருப்பது போல, ஒரு கையை அதன் மேலேயே வைத்திருந்தார். அவருடைய வார்த்தை உன் வாயில் வந்ததில் அவருக்கு இருந்த சந்தோஷத்தை நீ போனில் பார்த்திருக்க முடியாது. கேமரா கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

வெந்த டிரைவை எடுத்துவிட்டுப் புதியதைப் பொருத்தினார். டிவியில் கறுப்புத் திரையும் வெள்ளை எழுத்துமாக ஓடியது. நீ சொன்னதுபோலவே எதை அழிக்கட்டும் என்று கேட்டது. பட்டியலில் புதிய டிரைவைத் தவிர வேறு எதுவும் இல்லை. பயமில்லாமல் அமுக்கினேன். பெட்டி எழுந்தது. அணைத்துவிட்டு, மடியிலிருந்த டிஸ்க்குகளை அவர் திரும்ப மாட்டினார். மறுபடி போட்டால் ஒன்றுதான் தெரிந்தது. நீ "ஒயர் லூசா இருக்கும்ப்பா, கழட்டி ஊதிட்டு மாட்டுங்க" என்றாய். அவர் கழற்றி, பழைய பழக்கத்தில் ஊதுவதற்கு வாயருகே கொண்டுபோனார். அப்படியே நின்றார். மூச்சு கழுத்து வழியாகத்தானே போகிறது, வாயால் ஊத முடியாது. நீ சொன்னபோது உனக்கும் அது ஞாபகம் வரவில்லை, எனக்கும் வரவில்லை. ஒன்றும் நடக்காதது போல அதை என் பக்கம் நீட்டினார். நான் ஊதினேன். மண் பறந்தது, என் கண்ணிலும் விழுந்தது. அதற்கப்புறம் நான் கண்ணைத் துடைத்ததற்கு மண்தான் காரணம் என்று வைத்துக்கொள்வோம்.

இரண்டு டிஸ்க்கும் தெரிந்தது. அவற்றைப் பெட்டியோடு சேர்க்க இம்போர்ட் பண்ணு என்றாய். பண்ணினால், இவை வேறொரு சிஸ்டத்துக்குச் சொந்தமானவை என்று சிவப்பில் ஏதோ வந்தது. "போர்ஸ்னு ஒரு கட்டம் இருக்கும், அதுல டிக் போடும்மா" என்றாய். எனக்குக் கை வரவில்லை. "பலவந்தமா எதுக்குடா? நல்லபடியாக் கேட்டா தராதா?" என்றேன். நீ சிரித்தாய். "ம்மா, பழைய டிரைவ் செத்துருச்சுன்னு அதுக்குத் தெரியாது. இன்னும் அதுகூடத்தான் இருக்கோம்னு நெனச்சுக்கிட்டிருக்கு. இப்ப நாமதான் அதுக்குச் சொந்தம்னு சொல்றதுக்குத்தான் அந்த டிக்கு." நான் உன் அப்பாவைப் பார்த்தேன். அவர் ஒரு அமுக்கு அமுக்கினார். நான் டிக் போட்டேன். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு நீ வைத்திருந்த பெயர்கள் ஒவ்வொன்றாக வந்தன. 'அப்பா பேச்சு' என்று இங்கிலீஷ் எழுத்தில் நீ எழுதியிருந்ததை நான் சத்தமாக வாசித்தேன். நீ சொல்லச் சொல்ல இன்னும் என்னென்னவோ தட்டி, என் போனிலும் அது தெரிய வந்தபோது, "ஒண்ணு போட்டுப் பாரும்மா, நல்லா இருக்கான்னு" என்றாய். கைக்கு வந்ததை அமுக்கினேன்.

அப்புறம் நடந்ததை நீ அன்றைக்கும் பேசவில்லை, அதற்கப்புறமும் பேசவில்லை. ஆனால் நான் எழுதத்தான் போகிறேன். என் போனிலிருந்து உன் அப்பாவின் குரல், அதே கட்டைக் குரல், வீடு முழுக்கக் கேட்டது. "அப்பு, சாப்ட்டியாடா?" நீ அங்கிருந்து, யோசிக்காமல், தினமும் பதில் சொல்கிற பிள்ளை மாதிரி, "இன்னும் இல்லப்பா" என்றாய். அவர் பதிலுக்கு நிறுத்திய இடைவெளி அது. நீ சொல்லி முடித்ததும் அவர் குரல் தொடர்ந்தது. "என்னாடா இன்னும்? வெரசாச் சாப்ட்டுட்டுச் சோலியப் பாரு." நீ "சரிப்பா" என்றாய். அதற்கப்புறம்தான் உனக்கு உறைத்தது. நீ முகத்தைத் திருப்பிக்கொண்டாய். உன் அப்பா, கட்டிலில் உட்கார்ந்தபடி, அந்தக் குரலோடு சேர்ந்து உதட்டை அசைத்துக்கொண்டிருந்தார்.

இப்போது சொல், அப்பு. இதையா மூடி வைக்கச் சொல்கிறாய்? ஒரு வருசம் நல்ல விலை வரட்டும் என்று நானும் உன் அப்பாவும் காயை விற்காமல் மூட்டையிலேயே வைத்திருந்தோம். இன்னும் ஏறும், இன்னும் ஏறும் என்று வைத்திருந்து பிரித்தபோது, பச்சை வெளுத்து வைக்கோல் நிறமாகிவிட்டிருந்தது. யாரும் திருடவில்லை, எலி கடிக்கவில்லை. நாங்கள் காப்பாற்றியதில் போன காய் அது. அவர் குரலையும் அப்படித்தான் வைத்திருந்தோம். கேட்டால் வலிக்குமோ என்று நான் கேட்கவில்லை, நீ கேட்கவில்லை, நாம் கேட்காததால் அவரும் கேட்க ஆசை இருந்தும் காட்டிக்கொள்ளவில்லை. வலித்தது உண்மைதான். வலித்துவிட்டு, மறுநாள் காலையில் அவரே ஹாரனை அமுக்கி என்னைக் கூப்பிட்டு, என் போனைச் சுட்டிக் காட்டினார். லாரிக்காரனைத் திட்டுகிறதைப் போட்டேன். தோள் குலுங்கச் சிரித்தார். இப்போது காலையில் காப்பியோடு ஏதாவது ஒன்று ஓடுகிறது. "இந்தா!" வரும்போது நான் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்க்கிறேன். பார்க்கக் கூடாது என்று நினைத்தாலும் தலை தானாகத் திரும்புகிறது.

நீ படித்தவன், உன்னையும் ஒரு குட்டு குட்டிவிடுகிறேன். இரண்டு டிஸ்க் இருக்கிறது, பயமில்லை என்றாயே, ஒரே ஜீப்பில் இரண்டு மூட்டை ஏற்றிவிட்டு வண்டி பள்ளத்தில் விழுந்தால் இன்னொரு மூட்டை எங்கிருந்து வரும்? அடுத்த ஞாயிற்றுக்கிழமை எல்லாவற்றையும் இன்னொரு படி எடுத்து உன் வீட்டில் வைத்துக்கொள். வைத்துக்கொண்டு நீயும் மூட்டை கட்டிவிடாதே. உன்னைக் கட்டிக்கொள்ளப் போகிறவள், நாங்கள் பெண் பார்க்கப் போன அன்றைக்கே என்னிடம் மெதுவாக, "மாமா கொரலு எப்பிடி அத்தை இருக்கும்?" என்று கேட்டாள். நான் "பெருசா இருக்கும்" என்று மட்டும் சொன்னேன். அவளுக்குப் போட்டுக் காட்டு. அவளிடம் உனக்குச் சொல்ல நல்ல வார்த்தை ஏதாவது இருந்தால் அதையும் பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று வைக்காதே. உன் அப்பா என்னிடம் நல்ல வார்த்தை சொன்னது குறைவு, நான் அவரிடம் சொன்னது அதைவிடக் குறைவு. இப்போது நான் சொல்கிறேன், அவர் அமுக்குகிறார்.

பெட்டி அதே அலமாரியில், சல்லடைகளைத் தள்ளி வைத்துவிட்டு, திறந்த இடத்தில் இருக்கிறது. மண் விழுந்தால் துடைத்துக்கொள்கிறேன். கையில் பாலித்தீனோடு அந்தப் பக்கம் போனாலே உன் அப்பா இரண்டு அமுக்கு அமுக்குகிறார்.

ஒன்று கேட்க மறந்துவிட்டேன். அன்றைக்கு நீ "சரிப்பா" என்று சொன்னாயே, அதற்கப்புறம் சாப்பிட்டாயா? உன் அப்பாவும் அதைத்தான் கேட்கிறார். எழுதிக்கொண்டிருக்கும்போதே பக்கத்தில் ஒரு அமுக்கு கேட்டது.

அம்மா